மீண்டும் ஊன்றிய கால்

யாழ்ப்பாணத்து வாழ்வு நெடுங்காலம் வெறுங்கால் வாழ்வாகவே இருந்து வந்தது. துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தவரும், பனையேறிக் கள்ளும் கருப்பணியும் இறக்கியவரும், தோட்டத்துச் செம்மண்ணிற் குந்தியிருந்து களை பிடுங்கியவரும் தத்தம் பாதத்தை நம்பியே தொழில் செய்தனர். கோயில் வாயிலிற் செருப்பைக் களைதலும் பந்தியிற் சம்மணமிட்டு அமர்தலும் இன்றும் மாறாத வழக்கங்கள். இத்தகைய நாட்டிற் காலொன்றை இழந்தவர் ஓர் உறுப்பை மட்டும் இழந்தவரல்லர். தொழிலையும் வழிபாட்டையும் சுற்றத்தாரோடு சமமாக அமரும் உரிமையையும் உடன் இழந்தவராவர்.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிற் கண்ணிவெடியாலும் எறிகணையாலும் இவ்விழப்புக்கு ஆளானோர் பலர். மேலைநாட்டார் அமைத்த செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் இருத்தற்கென்றே செய்யப்பட்டது. அதனைப் பூண்டு குந்துதல் அரிது. சேற்றில் இறங்குதல் அரிது. சப்பாத்தோடு கோயிலுட் புகுதலோ தகாது.

இக்குறையைத் தீர்க்கும் வழி இராசத்தான் மாநிலத்து ஜெய்ப்பூர் நகரிற் பிறந்தது. அங்குள்ள சவாய் மான்சிங் வைத்தியசாலையில் எலும்பு முறிவு வைத்திய நிபுணர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் கூடி, 1968 ஆம் ஆண்டளவில் இறப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினர். ஒருவர் உடற்கூற்றை ஆழக் கற்றவர். மற்றவர் கைத்தொழிலில் வல்லவர். சைக்கிள் ரயர் ஒட்டும் கடையில் இறப்பர் பதப்படுவதைக் கண்டே சர்மா இவ்வழியைத் தேர்ந்தார் என்பர். அவர்கள் செய்த பாதம் கணுவில் வளைந்தது, நீரிற் கெடாதது, சப்பாத்தை வேண்டாதது, விலையும் மலிந்தது. சேத்தி அவர்களுக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது.

யாழ்ப்பாணத்திற் பிரெண்ட்-இன்-நீட் சங்கம் என்னும் பெயர் பழமையானது. 1850 இல், அரசாங்க அதிபர் டைக் அவர்களின் காலத்தில், அச்சங்கத்தின் பெயரால் எழுந்த வைத்தியசாலையே இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் முதல் வடிவம். அதே பெயர் தாங்கிய சங்கமே 1987 இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஜெய்ப்பூர்க் கால் செய்து வழங்கும் நிலையத்தை இங்கு நிறுவியது. ஊரவர் கையால் ஊரவர்க்குக் கால் செய்யும் பணி அவ்வாறு தொடங்கிற்று.

எனினும், கால் பொருத்தப்பட்ட அன்றே நடை வந்துவிடுவதில்லை. இருபுறமும் கம்பிகளைப் பற்றி நின்று, உடற்பாரத்தைச் சிறிது சிறிதாகப் புதிய காலின்மேல் இறக்கிப் பழகல் வேண்டும். இக்கால் தாங்கும் என்று அறிவு சொல்லியும் உடல் நம்ப மறுக்கும். உடலை நம்பவைப்பது பயிற்சி ஒன்றே.

அன்று இளைஞராய் அந்நம்பிக்கையை ஈட்டியோர் இன்று ஐம்பதும் அறுபதும் கடந்துவிட்டனர். தசை மெலிகிறது, எஞ்சிய கால் வடிவம் மாற, அதனை ஏற்கும் கூடு பொருந்தாமற் போகிறது, நெடுநாள் மிகுபாரம் சுமந்த மறுகாலின் முழங்கால் நோகிறது. ஒருமுறை விழுந்தவர் மறுமுறை வெளியே செல்ல அஞ்சுகிறார். அச்சத்தால் நடை குறைய, நடைக்குறைவால் தசை மேலும் தளர, தளர்ச்சியால் வீழ்ச்சி இன்னும் அணுகுகிறது. இச்சுழல் காலிழந்தோர்க்கு மட்டும் உரியதன்று. மூப்படையும் யாவர்க்கும் பொதுவானது.

1990 இல் அமெரிக்க வைத்திய அறிஞர் மேரி டினெற்றி என்பாரும் அவர்தம் துணைவரும் இவ்வச்சத்தை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். படுக்கையினின்று எழுதல், குளித்தல், உடுத்தல், வீட்டினுள் நடத்தல் போன்ற பத்துச் செயல்களை விழாமற் செய்யலாம் என்று முதியவர் எத்துணை உறுதியாக நம்புகிறார் என்பதே அவர்கள் கேட்ட வினா. உடல் வலிமை வேறு, அதன்மேல் வைத்த நம்பிக்கை வேறு. இரண்டையும் பேணல் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று.

பேணும் வழியும் அரியதன்று. தளர்ந்த கூட்டை மாற்றுதல், கதிரையிலிருந்து கைபற்றாது எழுந்து பழகுதல், கிணற்றுக்கட்டின் வழுக்கலை அகற்றுதல், விழுந்தால் எவ்வாறு எழுவது என்பதையே துணையோடு பயிலுதல் ஆகியன இயன்மருத்துவர் கற்பிப்பவை. எழும் வழி அறிந்தவர்க்கு விழும் அச்சம் பாதியாகும். அன்புமிகுதியால் முதியவரை நாற்காலியிலேயே இருத்தி வைக்கும் வீட்டார் அறியாமலே அவர் நடையைப் பறிக்கின்றனர்.

இலங்கை 2017 டிசம்பரிற் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வெடி இனிப் புதைக்கப்படாது என்பது ஆறுதலே. ஆயினும், அன்று காலிழந்தவரின் மூப்பு இனித்தான் வரவிருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மணல் பரப்பிய வீதியில் வெறுங்காலோடு கூட்டம் நடக்கிறது. அம்மணலில் இறப்பர்ப் பாதம் ஒன்று முதுமையிலும் அஞ்சாது பதிய வேண்டுமாயின், கால் செய்து கொடுத்த சமுதாயம் அக்காலுக்குரியவரை மீண்டும் மீண்டும் நடக்கப் பழக்குதலையும் தன் கடனாகக் கொள்ளல் வேண்டும்.