சன்னலும் ரெண்டு காத்தும்

எங்க பக்கத்து சன்னல் ரெண்டு காத்தைத் தாங்கணும். ஒண்ணு ஆடிக்காத்து. இன்னொண்ணு பட்டாசு ஆலை வெடிச்சா வர்ற காத்து.

சன்னல்ங்கிற பேரே போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த ‘ஜனேலா’தான். எங்க தாத்தாவோட மண் வீட்டுக்குச் சுவத்துல ஒரு துவாரம்தான் சன்னல். வசதியான வீடுகள்ல பர்மா தேக்கு நிலை, இரும்புக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கிற பலகைக் கதவு. காத்து தள்ளத் தள்ள அந்தக் கதவு நிலையோட அழுந்தி நிக்கும்.

1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. பின்னாடி பட்டாசும் வந்துச்சு. எங்க மானாவாரிக் காடு பொய்த்த வருசமெல்லாம் சோறு போட்டது அந்த வேலைதான், மறுக்க முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்துல 30 பேருக்கு மேல செத்தாங்க. அதுல பலர் புகையைப் பார்த்து ஓடிப்போனவங்க.

வெடிக்காத்து முதல்ல தள்ளும், அடுத்து இழுக்கும். இழுக்கும்போது கதவைப் பிடிக்கிறது உள்ளே இருக்கிற கொண்டிதான். கண்ணாடியோ முதல் தள்ளலுக்கே கத்தியாகிடும். ஒரு தடவை எங்க அக்கா வீட்டுத் தொட்டில் நிறைய சில்லு. நல்லவேளை, பிள்ளை அவ இடுப்புல இருந்தான்.

இப்ப புது ரூம் கட்டுறோம். மகன் பெரிய கண்ணாடி சன்னல் கேட்கிறான், வெளிச்சம் வேணுமாம். ஆலை இருக்கிற மேற்குப் பக்கம் வேப்பம்பலகை, ரெண்டு கொண்டி. கிழக்கே அவன் இஷ்டம்னு சொல்லிட்டேன்.