பென்சிலில் பிடித்த முகங்கள்

முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் எங்கள் பாசஞ்சர் வண்டி எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பையன் நோட்டுப் புத்தகத்தின் மூலையில் பென்சிலால் என்னவோ செய்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தளவு இடத்தில், ஜன்னலோரம் தூங்கி வழிந்த கிழவியின் முகம்! வெற்றிலைக் கறை படிந்த உதட்டோரச் சுருக்கங்கூட விட்டுப்போகவில்லை.

"யாரப்பா இந்த அம்மாள்?"

"தெரியாது சார். சும்மா வரைஞ்சேன்."

சும்மா வரைவதா? ஒரு காலத்தில் இது ராஜாங்கத் தொழில் அல்லவா!

இங்கிலாந்தில் பாரோடேல் என்ற மலைப்பகுதியில், 16-ஆம் நூற்றாண்டில், ஒரு கறுப்புக் கனிமம் கிடைத்தது. ஊரார் முதலில் அதைக்கொண்டு ஆடுகளுக்குக் குறி போட்டார்களாம். ஈயத்தில் ஒரு வகை என்றெண்ணி ஈயத்தின் பெயரையே அதற்குச் சூட்டியும் விட்டார்கள். அது வெறும் கரிதான் என்று ஷீலே என்ற ரசாயன நிபுணர் காட்டியது 1779-ல். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே டேவிட் லோகன் முதலியோர் அதைக் கூராகச் சீவி, பதனிட்ட கன்றுத் தோலில் உள்ளங்கைக்குள் அடங்கும் முகங்களைத் தீட்டினார்கள். செப்புத் தகட்டில் செதுக்குவதற்கு மாதிரியாக வந்த சித்திரம், பிறகு தனிக் கலையாகவே நின்றுவிட்டது. வர்ணம் கிடையாது, சுருட்டை மயிரும் பட்டின் மினுமினுப்பும் எல்லாம் அந்தக் கரியிலேதான்.

சிறு முகங்கள் வரைவதில் புகழ்பெற்ற ஜான் ஸ்மார்ட் 1785-ல் நம் சென்னைக்கு வந்து, பத்து ஆண்டுகள் தங்கினார். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவையும் கம்பெனி துரைமார்களையும் தந்தத் தகட்டில் எழுதினார். தம் பெயரின் முதலெழுத்துக்களோடும் ஆண்டோடும், இந்தியாவைக் குறிக்க 'ஐ' என்ற ஆங்கில எழுத்தையும் போடுவார். தந்தத்தைத் தொடுமுன் காகிதத்தில் பென்சிலால் முகத்தைப் பிடித்து, மெல்லிய வர்ணம் பூசிக்கொள்வதுண்டு. எனக்கென்னவோ அந்தக் காகிதங்கள்தாம் பிடிக்கின்றன. தந்தத்தில் துரை பளபளக்கிறார். காகிதத்தில் மனிதராக இருக்கிறார்.

ஆனால் எல்லாம் பணம் கொடுத்தவர் முகங்கள். அந்தத் துரைமார்களின் பல்லக்கைச் சுமந்தவன் முகம் எங்கே?

1802-ல் சென்னைக்கு வந்த ஜார்ஜ் சின்னரியும் சிறு சித்திரக்காரராகத் தொடங்கியவர்தாம். 1807-ல் கல்கத்தா போனார்; கடன் கழுத்தை நெரிக்கவே 1825-ல் மக்காவுக்கு ஓடினார்; 1852-ல் அங்கேயே இறந்தார். வயிற்றுக்காகப் பெரிய மனிதர்களை வர்ணத்தில் எழுதிய அதே கை, பென்சிலை எடுத்தால் தெருவில் போகிறவர்களையும் விடவில்லை. படகுக்காரர், கொல்லர், நாவிதர் என்று பக்கம் பக்கமாக வரைந்து, ஓரத்தில் சுருக்கெழுத்தில் குறிப்பும் எழுதி வைத்தார். பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. முகம் இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்தது. கிழவி திடுக்கிட்டு விழித்தாள்.

"இன்னாப்பா அது?"

"நீதான் ஆயா."

வாங்கி, கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள். பையன் நோட்டின் மூலையைக் கிழித்து அவளிடமே கொடுத்துவிட்டான். அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிழவி விழுப்புரத்தில் இறங்கிப் போனாள்.