ஹேங் அப்

போன் பேச்சை முடிப்பதை ஆங்கிலத்தில் 'ஹேங் அப்' என்பார்கள். நேர்ப்பொருள், மாட்டிவிடு. எதை மாட்டுவது? பழைய சுவர்த் தொலைபேசியைப் பார்த்தால் புரியும். அதில் காதில் வைக்கும் குழல் தனி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பேசி முடித்துக் குழலை அதில் மாட்டினால், குழலின் கனத்தில் கொக்கி கீழே இறங்கி இணைப்பு அறும். எடுத்தால் ஸ்பிரிங் கொக்கியை மேலே தள்ளி இணைப்பு வரும். எவ்வளவு அழகான ஏற்பாடு! கொக்கி போய்விட்டது, சொல் மட்டும் கைபேசி வரை வந்துவிட்டது.

'ஷி ஹங் அப் ஆன் மீ' என்றால் விஷயமே வேறு: நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைத்துவிட்டாள். அந்தச் சின்ன 'ஆன்'தான் மனத்தாங்கலைச் சுமக்கிறது. 'ஹேங் ஆன்' என்பதோ நேரெதிர்: வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் லைனில் இருங்கள். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

நாம் மாட்டுவதில்லை, வைக்கிறோம். மேசைத் தொலைபேசியில் ரிசீவரைக் கிடத்திய பழக்கம் அது. செல்போனிலும் அம்மா கேட்பது அதைத்தான்: "சரிப்பா, வச்சிடட்டுமா?"