கைத்தட்டாத ரசிகர்: கிரேட்ஃபுல் டெட் ஒலிப்பதிவு மரபும் இசைப்பற்றும்

ஒரு ராக் குழுவின்மீது ரசிகர் வைக்கும் பற்றுக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. பாட்டு அவருடைய சொந்த வாழ்க்கையைத் தொட்டுவிட்டது என்பது ஒன்று. சந்தை அவரை மயக்கிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டாவதை வலுவாக வாதிட்டவர் ஜெர்மன் தத்துவஞானி தியோடர் அடோர்னோ. வெகுசன இசையால் கேட்கும் திறன் பின்னடைகிறது, பழகியதையே திரும்பக் கேட்கும் குழந்தைநிலைக்கு மனிதர் தள்ளப்படுகிறார் என்று 1938இல் எழுதினார். இவ்விரு விளக்கங்களிலும் ரசிகர் கையேந்தி நிற்பவர்தான். அவர் எதையும் செய்வதில்லை. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு வாய்த்த ரசிகர்களோ நிறையவே செய்தார்கள். அந்த உழைப்பைப் பற்றின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பற்றுக்கு உருக்கொடுத்ததே அதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வோர் இரவும் வேறு

1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இக்குழு, கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறக்கும்வரை ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளை நடத்தியது. அன்றன்று என்ன பாட்டு வரும், எவ்வளவு நீளும் என்பது பெரும்பாலும் மேடையில்தான் முடிவாகும். 1968இல் சிறு இசைத்தட்டாக வந்த 'டார்க் ஸ்டார்' மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. மறு ஆண்டு வெளியான 'லைவ்/டெட்' தொகுப்பில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. அதனால் இக்குழுவின் ரசிகரிடம் ஒரு பாட்டைப் பிடிக்கும் என்று சொன்னால், எந்த ஊரில், எந்தத் தேதியில் பாடியது என்று கேட்பார். அடோர்னோவின் குற்றச்சாட்டு இங்கே முழுதாகப் பொருந்தவில்லை. பாட்டு பழகியதுதான், அது அன்று போகப்போகும் வழி யாருக்கும் தெரியாது.

மௌனமும் இரைச்சலும்

போய் மறையும் இந்த இசையைப் பிடித்துவைக்கக் கிளம்பியவர்கள் 'டேப்பர்கள்' எனப்பட்டனர். தொடக்கத்தில் கருவிகளை ஒளித்துக் கொண்டுவந்தவர்களுக்கு, 1984 அக்டோபரில் குழுவே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. நீண்ட கம்பங்களின் உச்சியில் மைக்குகள் கூட்டத்தின் தலைக்கு மேலே நிற்கும். அவற்றின் அடியில் நிற்பவர் கைத்தட்டக்கூடாது, கூடப் பாடக்கூடாது. தட்டினால் அது பதிவில் விழுந்துவிடும். எல்லோரும் ஆடும்போது, மிகத் தீவிரமான ரசிகரே வாயை மூடிக்கொண்டு ஒலியளவு முள்ளைக் கவனித்துக்கொண்டிருப்பார். உணர்ச்சியை அடக்கிக்கொள்வதும் உணர்ச்சியின் ஒரு வடிவமே.

கேசட்டும் தன் பங்குக்கு ஒரு பயிற்சியைத் தந்தது. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். நீண்ட வாசிப்பின் நடுவில் பக்கம் தீர்ந்தால், திருப்பிப் போடுவதற்குள் சில நொடிகள் தொலைந்துபோகும். பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது இரைச்சல் ஏறும். இடமும் தேதியும் பாடல்வரிசையும் எழுதிய அட்டையில், இது எத்தனையாவது பிரதி என்ற குறிப்பையும் பலர் சேர்த்தார்கள். பதிவை விற்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். மாற்றிக்கொள்ள எதுவுமில்லாத புதியவர் வெற்றுக் கேசட்டையும் திரும்பி வர அஞ்சல் தலையையும் அனுப்பினால் போதும். இரைச்சலினூடே ஒரு கிட்டார் திருப்பத்தைக் கண்டுகொள்ளப் பழகிய காதுக்கு, அந்த இரைச்சலும் நினைவின் பகுதியாகிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய தட்டில் இந்தப் பழக்கம் அமைவது கடினம்.

யாருடைய இசை?

இந்தப் பற்று உரிமையுணர்வாகவும் மாறியது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த நிகழ்ச்சியைப் பதிவுசெய்தவர் குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அவரது நாடாக்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கின் வாடகை பாக்கியாகி, 1986இல் அவை ஏலம் போயின. அதன்பின் பிரதிகள் கைமாறிக் கைமாறியே அந்த இரவு புகழ்பெற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வில் அது இடம்பெற்றபோதும், அதிகாரபூர்வமான வெளியீடு வரவில்லை; அது 2017இல்தான் வந்தது. நிறுவனம் மதிக்குமுன் ரசிகர்கள் மதிப்பிட்டு முடித்திருந்தார்கள். 2005 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகத்தில் குழுவின் பதிவுகளைத் தரவிறக்கம் செய்வது தடுக்கப்பட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. பார்வையாளர் பகுதியிலிருந்து எடுத்த பதிவுகள் சில நாட்களிலேயே திரும்பக் கிடைத்தன. இலவசம் பறிபோன கோபமாக மட்டும் அதைக் கொள்ள இயலாது. சேர்த்துவைத்ததில் தமக்கும் பங்குண்டு என்று அவர்கள் நம்பினார்கள்.

இதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். 1987இல் 'டச் ஆஃப் கிரே' பாட்டு பெரும் வெற்றி பெற்றபின், டிக்கெட் இல்லாமலே அரங்க வாசலில் குவியும் கூட்டம் பெருகியது. 1995 ஜூலை 2 அன்று இந்தியானா மாநிலத்தின் டியர் கிரீக் அரங்கில் கூட்டம் வேலியை உடைத்துப் புகுந்தது. மறுநாள் நிகழ்ச்சி ரத்தானது. அன்று வேலியை உடைத்தவர்களும் தம்மை ரசிகர்கள் என்றே சொல்லியிருப்பார்கள். ஆசையின் அளவை வைத்து இவர்களையும் டேப்பர்களையும் பிரிக்க முடியாது. ஆசைக்கு ஓர் ஒழுங்கு வாய்த்ததா என்பதுதான் வேறுபாடு.

ஆங்கிலத்தின் 'ஃபேன்' வெறியரைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் என்பர். தமிழில் சபாவின் முன்வரிசையில் தாளம் போடுபவரும் ரசிகர். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுபவரும் ரசிகர். சுவையறிதலையும் வெறியையும் ஒரே சொல்லில் அடக்கியதைச் சொற்பஞ்சம் என்று கருதத் தேவையில்லை. மைக் கம்பத்தின் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்ற டேப்பரிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன.