கடல்பறவையின் கணக்கு எண்

வங்கிக்காரனுக்கும் கடல்பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் தொழிலைப் போலவே அங்கேயும் எல்லாம் எண்ணிலும் பேரேட்டிலும்தான் நிற்கிறது.

கடல்பறவைகள் வருடத்தில் பெரும்பகுதியைக் கடல்மேலேயே கழிப்பவை. முட்டையிட மட்டும் ஏதோ ஒரு தீவுக்கு வரும். ஆயிரம் பறவை இருந்தால் ஆயிரமும் ஒரே அச்சு. போன வருடம் வந்ததுதான் இந்த வருடமும் வந்ததா என்று எப்படிச் சொல்வது?

வழி காட்டியவர் டென்மார்க்கின் வீபோர் என்ற ஊரில் இருந்த பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் மோர்ட்டென்சன். முதலில் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார். கனம் அதிகம், பறவைக்குத் தொந்தரவு. 1899-ல் லேசான அலுமினியத்தில் எண்ணும் ஊர்ப் பெயரும் பொறித்து, நம் மைனாவுக்கு உறவான 165 ஸ்டார்லிங் பறவைகளின் காலில் மாட்டினார். எந்தப் பறவைக்கு எந்த எண் என்று எழுதியும் வைத்துக்கொண்டார். கண்டெடுப்பவர் யாரோ, எந்த நாட்டுக்காரரோ, அவர் ஒரு கடிதம் போட்டால்தான் கணக்கு முடியும். முன்பின் தெரியாதவரின் நாணயத்தை நம்பி ஒரு விஞ்ஞானமே தொடங்கியது!

நம் நாட்டிலும் இது உண்டு. மும்பை ஃபோர்ட் பகுதியில் இருக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலி தலைமையில் 1959-ல் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. பறவைகள் மூலம் நோய்க்கிருமி பரவுகிறதா என்று அறிய உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. நம் கோடியக்கரை அவர்களுடைய முக்கியமான இடங்களில் ஒன்று.

கடல்பறவைக்கு வருவோம். இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் கரையோரம் ஸ்கோகோம் என்று ஒரு குட்டித் தீவு. 1952-ல் அங்கே AX என்பதைத் தமிழில் எழுதினால் ஏஎக்ஸ் 6587 என்ற எண்ணுள்ள ஷியர்வாட்டர் பறவையைப் பாஸ்டன் இசைக்குழுக் கலைஞர் ஒருவர் விமானத்தில் அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் விட்டார். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். பன்னிரண்டரை நாளில் அது தன் வளைக்கே திரும்பிவிட்டது. 'பறவையை விட்டுவிட்டேன்' என்று அவர் போட்ட கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. வளையம் மட்டும் இல்லாவிட்டால் வந்தது அதே பறவைதான் என்று யார் நம்புவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கதை. பசிபிக் கடலின் நடுவே மிட்வே தீவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்தது. அல்பட்ராஸ் பறவைகள் விமானத்தில் மோதின. அதை ஆராயப் போன சாண்ட்லர் ராபின்ஸ், 1956 டிசம்பரில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பறவைக்கு வளையம் போட்டார். 2002-ல் தன் 83-வது வயதில் மறுபடி அங்கே போய், தேய்ந்த வளையம் உள்ள பறவைகளுக்குப் புதிது மாட்டினார். உப்புக்காற்றும் மணலும் அலுமினியத்தை அரித்துவிடும். ஊர் திரும்பிப் பதிவேட்டைப் புரட்டினார். இந்த எண்ணுக்கு முந்தைய எண், அதற்கு முந்தையது என்று பின்னோக்கிப் போனால், ஒரு பறவையின் முதல் வளையம் 46 வருடம் முன்பு அவரே மாட்டியது!

வங்கிகள் கணினிக்கு மாறியபோது பழைய கணக்கு எண்ணையும் புதிய எண்ணையும் உட்கார்ந்து ஒத்துப்பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் அந்த ஆயுள் யாருக்கும் தெரிந்திருக்காது. விஸ்டம் என்று பெயர் பெற்ற அந்தப் பறவை, ராபின்ஸ் 2017-ல் காலமான பிறகும் முட்டையிட்டது. 2024 கடைசியில் இட்ட முட்டை 2025-ல் குஞ்சாகப் பொரிந்தது. அதற்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

எல்லாக் கணக்கும் இப்படி வரவிலேயே முடிவதில்லை. தெற்கு ஜார்ஜியா தீவுகளில் 1958 முதல் வளையம் போடப்பட்ட பெரிய அல்பட்ராஸ்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தன. தீவில் குஞ்சுகள் நன்றாகத்தான் வளர்ந்தன. போனவைதான் திரும்பவில்லை. பதில், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கத்துக் கடல்களில் சூரை மீன் பிடித்த படகுகளிலிருந்து வந்த வளையங்களில் இருந்தது. பல கிலோமீட்டர் நீளத் தூண்டில் கயிற்றில் இரையைக் கொத்தப்போன பறவைகள் முள்ளில் மாட்டி மூழ்கியிருந்தன. அந்த ஆதாரம் வந்த பிறகு வழிகள் பிறந்தன: இரவில் மட்டும் தூண்டில் போடுவது, எடை கட்டிச் சீக்கிரம் அமிழ்த்துவது, பறவையை விரட்டப் படகின் பின்னால் தோரணம் கட்டுவது. தெற்கு ஜார்ஜியாவின் சொந்தக் கடலில் 1990-களில் ஆயிரக்கணக்கில் நடந்த சாவு அநேகமாக நின்றேவிட்டது. 2004-ல் அல்பட்ராஸ்களைக் காக்கும் ஒரு சர்வதேச ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. மற்றக் கடல்களில் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

இன்று செயற்கைக்கோள் கருவி எல்லாம் வந்துவிட்டது. ஆனால் வளையத்துக்கு பேட்டரி வேண்டாம், விலையும் குறைவு. கண்டவர் எழுதிப்போட்டால் போதும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது வீட்டில் சொல்லி வையுங்கள். கரையில் செத்த பறவையின் காலில் வளையம் கிடைத்தால், எண், இடம், தேதி மூன்றையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால் போதும். உயிருள்ள பறவை என்றால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். அதன் கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறது.