கடைசற்காரரும் வெற்றிடமும்

கடைதல் என்னும் சொல் தமிழிலே இரு தொழில்களுக்கு உரியது. தயிரும் கடையப்படுகின்றது, மரமும் கடையப்படுகின்றது. மத்திலே சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுக்கும் கைகளை நினைவிற் கொண்டால், பண்டைக் கடைசற்பட்டறையின் இயக்கம் முழுவதும் விளங்கிவிடும். எகிப்து நாட்டிலே, ஏறத்தாழ கி.மு. 300ஆம் ஆண்டளவில் எழுந்த பெற்றோசிரிஸ் என்பாரின் கல்லறைச் சுவரில் இக்காட்சியே செதுக்கப்பட்டுள்ளது. ஒருவன் வாரைப் பிடித்து இழுக்கின்றான். மற்றவன் உளியைப் பிடிக்கின்றான். கடைசற்பட்டறையைக் காட்டும் மிகப் பழைய உருவம் இதுவென்பர்.

மரத்தைச் சுழற்றுவது எளிது. சுழலும் மரத்தை விடாது பற்றிக்கொள்வதே அரிது. பழங்காலத்தார் மரத்துண்டை இரண்டு கூர்முனைகளுக்கிடையே நிறுத்தினர். கட்டிற் காலுக்கும் கம்பத்துக்கும் இது போதும். குழிந்த கிண்ணம் ஒன்றைக் கடைவதாயின், முனை குத்தி நிற்பதற்காக நடுவே ஒரு தண்டை விட்டுவைத்துச் சுற்றிலும் குடைய வேண்டும். ஈற்றில் அத்தண்டை ஒடித்து, எஞ்சிய முளையைக் கத்தியாற் சீவ வேண்டும். இங்கிலாந்திலே பேர்க்சயர்ப் பகுதியில், பக்கிள்பரி என்னும் ஊரின் பொதுநிலத்தில் வாழ்ந்த ஜோர்ஜ் லெய்லி என்பவர், வளையும் கழியும் மிதிபலகையும் கொண்ட பட்டறையில் இம்முறையையே கையாண்டார். ஒரே மரக்கட்டையிலிருந்து ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் பல கிண்ணங்களை அவர் குடைந்தெடுத்தார். 1958ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, வழிவழி வந்த அத்தொழிலும் அந்நாட்டில் அற்றுப்போயிற்று.

சுழல்தண்டின் தலையிலே மரத்தைத் திருகி இறுக்கும் பட்டறைகள் வந்த பின்னர் உட்குடைதல் எளிதாயிற்று. ஆயினும் கிண்ணத்தின் அடிப்பாகம் மட்டும் தொல்லை கொடுத்தது. பற்றுவதற்கென்று விடப்பட்ட மரம் அந்த அடியிலேதான் உள்ளது; அதனை நீக்க முனைந்தால் பற்றுவதற்கு வேறிடம் இல்லை. சிலர் இடையே ஒரு கடதாசியை வைத்துப் பசையால் ஒட்டினர். வேறு சிலர் கிண்ணத்தின் வாயை மரக்குழி ஒன்றினுள் இறுகச் செருகினர். சற்றே தளர்ந்தாலும் பல நாள் உழைப்பு பறந்துபோய்ச் சுவரில் மோதும். சற்றே மிகுதியாக இறுக்கினாலோ விளிம்பு பிளக்கும்.

இத்தொல்லைக்குத் தீர்வு மரத்தொழிலாளரிடமிருந்து வரவில்லை. அழிந்த நகரொன்றின் தலைவரிடமிருந்து வந்தது. ஜேர்மனியிலுள்ள மக்டேபேர்க் நகரம் 1631ஆம் ஆண்டிலே, முப்பதாண்டுப் போரின்போது, சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. மாண்டோர் ஏறத்தாழ 20,000 பேர். உடைமைகளை இழந்து உயிர்தப்பியோருள் ஒருவர் ஒட்டோ வொன் கேரிக். 1646இல் அவர் நகரபிதாக்களுள் ஒருவரானார். பாழடைந்த ஊரை மீளக் கட்டும் பொறுப்பின் நடுவே, வெறுமை என்பது உலகில் உண்டா என்ற கேள்வி அவர் உள்ளத்தை விட்டகலவில்லை. இத்தாலியரான தொரிசெல்லி 1644ஆம் ஆண்டிலேயே தமது இரசக்குழாய்ப் பரிசோதனையை விவரித்து எழுதியிருந்தார். கண்ணாடிக் குழாயிலே ஏறக்குறைய 76 சென்ரிமீற்றர் உயரத்தில் இரசத்தைத் தாங்கி நிற்பது, புறத்தேயுள்ள வளியின் பாரமே என்பது அவர் கருத்து.

கேரிக் முதலில் எடுத்துக்கொண்டது ஒரு மரப்பீப்பா. அதனை நீரால் நிரப்பி, நன்றாக அடைத்து, பம்பியால் நீரை வெளியே இழுக்கச் செய்தார். நீர் வெளியேற வெளியேற, மரத்தின் நுண்துளைகள் வழியே வளி இரைந்துகொண்டு உட்புகுந்தது. பின்னர்ச் செப்புக் கோளம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த வளியை இழுத்தபோது, கோளம் பேரொலியுடன் கசங்கிப்போயிற்று. செவ்வையான உருண்டையாக அது அமையாமையே காரணம் என அவர் உணர்ந்தார். இவ்விரு தோல்விகளையும் மறவாதிருத்தல் நன்று. புகழ்பெற்ற அரைக்கோளங்கள் இவற்றுக்குப் பின்னரே வந்தன. 1657இல் மக்டேபேர்க்கிலே பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகள் அவற்றை இழுத்தன. உண்மையில் ஒரு பக்கத்தை வலிய சுவரொன்றிற் கட்டியிருந்தால் எட்டுக் குதிரைகளே போதும். ஆனால் காண்போர் வியப்பும் பாதியாகியிருக்கும்.

அந்த வளியமுக்கமே இன்று கடைசற்காரருக்கு உதவும் கையாகியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கடைசலிற் பரவிய வெற்றிடக் கவ்வியின் அமைப்பு எளிது. துளையுள்ள சுழல்தண்டின் முன்புறத்தில், விளிம்பில் மெத்தென்ற இறப்பர்ப் பட்டை ஒட்டிய உருளைக் கிண்ணி ஒன்று திருகப்படும். பின்புறத்திலிருந்து பம்பிக்குக் குழாய் செல்லும். தண்டு சுழல்வது, குழாயோ சுழலக் கூடாதது. ஆகவே இரண்டுக்குமிடையே குண்டுப் போதிகை கொண்ட இணைப்பு ஒன்று வேண்டும். இவ்விணைப்பை நிலையாகப் பொருத்திவிட்டால் பட்டறையின் பிற வேலைகள் தடைப்படும் என்பதால், தண்டின் துளையூடாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, திருகாணியால் இறுக்கி, வேலை முடிந்ததும் கழற்றிவிடும் வழக்கம் உண்டாயிற்று.

அளவுமானியிலே தொரிசெல்லியின் இரசமே இன்றும் பலவிடங்களில் அளவுகோல். மானி 60 சென்ரிமீற்றர் காட்டும்போது, 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வாயின்மீது ஏறத்தாழ 144 கிலோகிராம் பாரம் அமுக்கும். விட்டம் 10 ஆகக் குறைந்தால் அதுவே 64 ஆகிவிடும். சிறு கிண்ணத்தைப் பற்றுவது பெருங்கிண்ணத்தைப் பற்றுவதிலும் கடினமாவது இதனாலேயே.

கேரிக்கின் பீப்பாவும் செப்புக் கோளமும் இங்கே திரும்பி வருகின்றன. துளை மிகுந்த மரத்தினூடாகவும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பினூடாகவும் வளி கசியும்; மானியின் முள் தாழும்; பிடி தளரும். மெழுகோ வார்னிசோ பூசி, கசிவை அடைத்த பின்னரே உளியை எடுக்க வேண்டும். மறுபுறம், சுவர் மெலிந்த கிண்ணத்தை முழு அமுக்கத்திற்கு உட்படுத்தினால் அது உள்நோக்கி நொறுங்கும். ஆகையால் வெளிவளியைச் சிறிது உள்ளே விடும் வால்வு ஒன்றையும் குழாயில் வைப்பர். தொடக்கத்திற் சற்றுக் குறைந்த அமுக்கத்துடன், எதிர்முனையின் துணையையும் வைத்துக்கொண்டு கடைவதே அனுபவசாலிகளின் முறை. மின்சாரம் நின்று பம்பி ஓய்ந்தால் பிடியும் உடனே போகும். கிண்ணமோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். முனையின் துணை அப்பொழுதே மிகுதியும் வேண்டப்படுவது.

கேரிக்கின் அரைக்கோளங்கள் மியூனிச் நகரிலுள்ள ஜேர்மன் நூதனசாலையில் உள்ளன. லெய்லியின் கழிப்பட்டறை இங்கிலாந்தின் ரெடிங் நகரிலே கிராமிய வாழ்க்கை நூதனசாலையில் இருக்கின்றது.