ஆடுபுலி ஆட்டம்

இருவர் ஆடும் முற்றுகை ஆட்டம். ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. கட்டத்தில் 23 புள்ளிகள். கொடைரோடு, நிலக்கோட்டை உள்ளிட்ட திண்டுக்கல் சமவெளியிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் திண்ணை, மந்தை, கோயில் மண்டபம் ஆகியவை இதன் களங்கள். நேபாளத்தின் பாக்சால் (4 புலி, 20 ஆடு) இதன் உறவு ஆட்டம்.

தோன்றிய காலம் முடிவாகவில்லை. பழங்கோயில்களின் கல்தரையில் கட்டங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கல்தச்சர்கள் ஓய்வுநேரத்தில் வெட்டியவை என்பர் சிலர். பின்னாளில் மண்டபத்தில் தங்கியவர்களின் வேலை என்பாரும் உண்டு. கோயிலின் வயதை அப்படியே கட்டத்துக்கும் ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

கட்டத்தை வரையக் கரித்துண்டு போதும். உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் இறங்கும். குறுக்கே மூன்று கோடுகள் இருபுறமும் நீண்டு வெட்டும். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. புலிகள் உச்சிப் பகுதியில் நிற்க, ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதலிலிருந்தே அலையும். ஆட்டுக்குப் பின்புள்ளி காலியாக இருந்தால் தாவி வெட்டும். கைதேர்ந்தவர்கள் முதல் ஆடுகளை மூலைகளில் இறக்குவார்கள். அங்கே புலி தாண்டி இறங்க இடமில்லை. பிறகு ஆட்டுக்குப் பின்னால் ஆடு நிறுத்தி வரிசை கட்டுவார்கள். மூன்று புலியும் அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. பொறுமையாக ஆடுபவரின் கையில் ஆடுகள் அழகாக நகரும். எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் தோல்வி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியான தம் நூலில் இதே வகையான அங்குள்ள சிறுத்தை ஆட்டங்களை விவரித்தார்.

ஐரோப்பாவின் அசால்ட்டோ இதே இனம். சிலுவை வடிவப் பலகையின் 33 புள்ளிகளில் 9 கோட்டை. காப்பவர் 2 அதிகாரிகள், தாக்குபவர் 24 வீரர்கள். 1857 கிளர்ச்சியை ஒட்டி இங்கிலாந்தில் 'அதிகாரிகளும் சிப்பாய்களும்' என்ற வகை வந்தது. சிப்பாய்கள் கோட்டையை வளைக்கும் இந்த அமைப்பு லக்னோ ரெசிடென்சி முற்றுகையோடு ஒத்துப்போகிறது. டெல்லியில் நிலைமை நேர்மாறு: நகருக்குள் இருந்தவர்கள் சிப்பாய்கள், மதிலுக்கு வெளியே ஆங்கிலேயப் படை.

1977இல் எஸ். பி. முத்துராமன் இயக்கிய திரைப்படம் இந்த ஆட்டத்தின் பெயரைத் தாங்கி வந்தது. சென்னையின் கிரீடா நிறுவனம் மரபு விளையாட்டுகளை மீட்டெடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த ஆட்டத்துக்குக் கைப்பேசிச் செயலிகளும் உள்ளன.